பச்சையாக ஒளிரும் தட்டு

ஆய்வகத்தின் இருட்டறையில் மைக்ராஸ்கோப்பின் நீல விளக்கு மட்டும் எரிகிறது. கண்ணாடித் தட்டில் நுரையீரல் செல்கள் பச்சையாக ஜொலிக்கின்றன. செல்லுக்குள் ஆக்ஸிஜன் வெறிபிடித்து மரபணுவைக் கடித்துக் குதறினால், உள்ளே ஊற்றிய சாயம் இப்படித்தான் ஒளிரும். புற்றுநோய் தலையெடுப்பது அப்படிப்பட்ட செல்லில்தான். அதைத் தடுப்பதாகச் சொல்லும் மாத்திரையைக் கலந்த தட்டு இது. இருண்டு கிடக்க வேண்டும். “விளக்கை அணைக்காம டீ குடிக்கப் போயிருப்பே. வெளிச்சம் பட்டா சாயம் தானா ஒளிருமே, தெரியாதா? தூக்கிக் குப்பையில போடும்மா. மாத்திரை அடுத்த வாரம் கடைக்கு வருது, கம்பெனிக்காரங்க வெளியே காத்திருக்காங்க” என்கிறார் பின்னால் நிற்கும் ஆய்வக இயக்குநர். ஆராய்ச்சி செய்யும் பெண் நாற்காலியை விட்டு எழவில்லை. “அப்படி டீ குடிக்கப் போனது நீங்க சார், போன மாசம். அதுலேருந்து நான் எல்லாத் தட்டையும் அலுமினியத் தாள்ல சுத்தித்தான் வைக்கிறேன்.” சுற்றிய தட்டொன்றை அவர் பக்கம் நகர்த்துகிறாள். “இதுலயும் அதே மாத்திரைதான். வெளிச்சமே படாதது. நீங்களே பிரிங்க.” அவர் விரல் தாளின் ஓரத்தைத் தொட்டு அப்படியே நிற்கிறது. கதவுக்கு வெளியே யாரோ சத்தமாகச் சிரிக்கிறார்கள். அவள் அந்தக் கையை மெல்ல விலக்கி, தாளைக் கிழித்து, தட்டை லென்சுக்கு அடியில் தள்ளுகிறாள். மைக்ராஸ்கோப்பின் திரை முழுக்கப் பச்சை. “கம்பெனிக்காரங்களை உள்ளே கூப்பிடுங்க சார். அவங்களும் பார்க்கட்டும்.”