டாக்டர் சொன்ன நல்ல சேதி

நல்ல சேதி சொல்லும் பாக்கியம் டாக்டருக்கு எப்போதாவதுதான் வாய்க்கும்.

"இது குடியால வந்ததில்லை சார். ஈரலுக்குப் போற ரத்தக்குழாய்ல அழுத்தம். காரணம் முழுசாத் தெரியல. காவல்காரனே வீட்டுக்காரரை அடிச்ச மாதிரி, உடம்போட எதிர்ப்பு சக்தியே உடம்பைத் தாக்கியிருக்கும்னு சந்தேகப்படுறோம்."

படுக்கையில் இருந்தவர் முகத்தில் ஈயாடவில்லை.

"குடியாலதான்னு எழுதிடுங்களேன்."

"ஒரு சொட்டுகூடத் தொட்டதில்லைன்னு உங்க சம்சாரம் சொன்னாங்களே. எதுக்கு வீண் பழி?"

"மெதுவாப் பேசுங்க. வெளியே காத்திருக்குற இருபது பேரும் குடியை விட்டவங்க. நானே மொடாக்குடியனா இருந்து திருந்தினவன்னு மேடையேறிச் சொல்லித்தான் விட வச்சேன்."

டாக்டருக்கு வியர்த்தது. உள்ளே வருமுன் அவர்களிடமும் அந்த நல்ல சேதியை, இவர் ஒரு சொட்டுகூடத் தொடாதவர் என்பதையும் சேர்த்து, சொல்லியிருந்தார்.

கதவைத் திறந்தார். பெஞ்சில் பழப்பைகள் மட்டும் இருந்தன.