போன கண்ணுக்கு ஒரு சர்டிபிகேட்

"எனக்குக் கண்ணு வேண்டாமுங்க டாக்டரம்மா. வலது கண்ணு போயிருச்சுன்னு ஒரு சர்டிபிகேட் மட்டும் எழுதிக் குடுங்க, போதும்" என்றார் பாலுசாமி, நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே.

டாக்டர் அக்ஷிதா அவரை உட்காரவைத்து, கருவியில் தாடையை வைக்கச் சொன்னார். ஆர்.எஸ்.புரத்தில் இருக்கும் அந்தக் கண் ஆஸ்பத்திரிக்குக் காங்கேயத்திலிருந்து காலையிலேயே பஸ் ஏறி வந்திருந்தார் பாலுசாமி. கூடவே மனைவி நாச்சியம்மாள், கையில் மருந்துப் பையோடு.

ஆறு வாரமாக மனிதருக்கு ஒரே நினைப்புத்தான். சித்தப்பா மகன் தனபாலை ஜெயிலில் தள்ள வேண்டும். "கண்ணு நிரந்தரமாப் போச்சுன்னு டாக்டர் எழுதிட்டா கேஸ் கனமாயிருமுங்க, வருசக்கணக்கா உள்ளதான். ஆறிப்போச்சுன்னா சுளுவா வெளிய வந்துருவான்" என்று வக்கீல் சொன்னார். அன்றிலிருந்துதான் பாலுசாமிக்குச் சோறு ருசித்தது. ஒரு கண் போனால் என்ன, தனபால் கம்பி எண்ணுவதைப் பார்க்க இன்னொன்று இருக்கிறதே என்று நினைக்கிற ரகம் அவர்.

"அடி எப்படிப் பட்டதுன்னு இன்னொரு தடவை சொல்லுங்க, ரிப்போர்ட்ல எழுதணும்" என்றார் டாக்டர்.

இதற்காகவே காத்திருந்தவர் போல ஆரம்பித்தார் பாலுசாமி.

"ஊட்டுக்குப் பின்னால எங்க பொடக்காளி வேலியைத் தனபாலு ரெண்டடி தள்ளி நட்டுப்போட்டானுங்க. கேட்டா எகத்தாளம் பேசறான். நான் மம்முட்டியை எடுத்து ஓங்கிட்டேன். பயந்தாங்கொள்ளிப் பய, ரெண்டு கையாலயும் தலையைப் பொத்திக்கிட்டுக் குத்த வெச்சு உக்காந்துட்டான். அடுத்த நிமிசம், மாரியாத்தா நோம்பிக்கு வெள்ளையடிக்க இவ கரைச்சு வெச்ச சுண்ணாம்பு எம்மூஞ்சியில வந்து உழுகுது! கண்ணு தீயாப் பத்திக்கிச்சுங்க. இப்ப என்னடான்னா, நான் எறியவே இல்லைன்னு மாரியாத்தா மேல சத்தியம் பண்றான், திருட்டுப் பய."

நாச்சியம்மாள் சுவரில் மாட்டியிருந்த கண் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். இந்தக் கதையை அவள் தினமும் கேட்கிறாள். ஒரு நாளும் வாய் திறந்ததில்லை.

டாக்டர் கருவியின் வெளிச்சத்தை அணைத்துவிட்டு நிமிர்ந்தார். முகம் மலர்ந்திருந்தது.

"நல்ல சேதிங்க ஐயா. கருவிழியில இருந்த புண்ணு முழுசா மூடிடுச்சு. பார்வையும் திரும்பிட்டிருக்கு. உங்க ரத்தத்துலேர்ந்து எடுத்த சீரம் சொட்டு பிரமாதமா வேலை செஞ்சிருக்கு. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா தவறாமப் போட்டிருக்கீங்க, அதான்."

பாலுசாமிக்குத் தலையில் இடி விழுந்தது.

அடிபட்ட வாரமே அவர் கையில் ரத்தம் எடுத்து, அதைச் சுழற்றித் தெளிவான நீரை மட்டும் பிரித்து, வெள்ளித்தாள் சுற்றிய ஆறு சின்ன பாட்டில்களில் அடைத்துக் கொடுத்திருந்தார்கள். ஃப்ரீஸரில் வைத்து வாரத்துக்கு ஒன்றாக எடுக்க வேண்டும். வைத்தியமே வேண்டாம் என்றால் கோர்ட்டில் கேள்வி வரும் என்று வக்கீல் சொன்னதால்தான் அவர் கையையே நீட்டினார். வீட்டில் ஒவ்வொரு திங்கட்கிழமையும் வெள்ளித்தாள் பாட்டிலை நாச்சியம்மாளிடம் அதட்டி வாங்கி, கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றிவிடுவார். எரிச்சலுக்கு என்று கொடுத்த சாதா சொட்டு மருந்தை மட்டும் அவள் விட்டதும், கண்ணை மூடிப் படுத்துக்கொள்வார்.

"பொய்யி! அந்த மருந்துல ஒரு சொட்டுக்கூட எங்கண்ணுக்குப் போகலை. அத்தனையும் செடிக்கு ஊத்திப்போட்டேன்!" ஆத்திரத்தில், யாரிடம் எதைச் சொல்கிறோம் என்பதே அவருக்கு மறந்துவிட்டது.

டாக்டரின் சிரிப்பு நின்றது. "அப்புறம் புண்ணு எப்படிங்க ஆறுச்சு?"

"செடிக்குப் போனது எரிச்சல் மருந்துங்க" என்றாள் நாச்சியம்மாள் மெதுவாக. "வாராவாரம் மருந்துக் கடையில ஒண்ணு வாங்கி, வெள்ளித்தாளை அதுல சுத்திக் குடுத்துப்போடுவேன். இவரு கண்ணுல நான் உட்டதெல்லாம் அந்த ரத்தத்து மருந்துதானுங்க."

பாலுசாமி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"கட்டுன புருசனையே ஏமாத்திப்போட்டயேடி! அந்த நாய் மேல உனக்கு என்னடி அத்தனை கரிசனம்?"

"ஐயா, வெளிய பேஷண்ட்ஸ் இருக்காங்க. சத்தம் போடாதீங்க" என்றார் டாக்டர். பாலுசாமியின் காதில் விழவில்லை.

"கண்ணுதான் நல்லாயிருச்சுங்களே. கேஸை உட்டுப்போட்டு வாங்க, ஊட்டுக்குப் போலாம்" என்றாள் நாச்சியம்மாள்.

"உடறதா? அவனை உள்ள தள்ளாம எங்கட்டை வேகாது! சுண்ணாம்புக்கா ஊர்ல பஞ்சம்? இன்னைக்கே ஊட்டுக்குப் போனதும் ஒரு கை அள்ளி நானே எங்கண்ணுல அடிச்சுக்கறேன். அதையும் அவன்தான் எறிஞ்சான்னு சொல்றேன். அப்புறம் எந்த மருந்தை ஊத்தி ஆத்தறேன்னு பாக்கறேன்டி!"

நாச்சியம்மாள் மருந்துப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். அவள் குரலில் மரியாதை கொஞ்சமும் குறையவில்லை.

"உங்களுக்கு எதுக்குங்க அந்தச் சிரமம்? போன தடவை எறிஞ்சதும் நாந்தானுங்களே."