பேர் சொல்லாதவள்

பாண்டுரங்கன் என்று முழுசாக அவனை யாரும் கூப்பிட்டதில்லை. செஞ்சிக் கடைத்தெருவுக்கே அவன் மல்லாட்டைப் பாண்டி. மூட்டை மூட்டையாக நிலக்கடலை வாங்கி விற்கிற வியாபாரி.

பெண்சாதி அமிர்தவல்லி மட்டும் அந்தப் பேரை வாயால் சொன்னதே கிடையாது. புருஷன் பேரை எந்தப் பெண்சாதிதான் சொல்கிறாள்? ரேஷன் கார்டு எழுத வந்தவர் கேட்டபோதுகூட, "பண்டரிபுரத்துச் சாமி பேருங்க" என்று சுற்றி வளைத்தவள் அவள்.

அப்பேர்ப்பட்ட வீட்டில், அன்று சாயங்காலம் கால் கழுவக் கொல்லைப் பக்கம் போன பாண்டியின் காதில், சமையல்கட்டிலிருந்து மச்சினன் செல்லப்பன் குரல் விழுந்தது.

"பாண்டியை ஒரே பகல்ல முடிச்சுடலாம்க்கா. பொழுது சாய வூட்டுக்குத் திரும்பிடலாம்."

பாண்டி சொம்பைக் கீழே வைத்துவிட்டுச் சுவரோரம் ஒதுங்கினான். வாய்க்கு வாய் 'மாமா, மாமா' என்று குழைகிற பையன், இன்று வெறும் பாண்டி என்கிறானே!

"அவுருக்குத் தெரிஞ்சா காரியம் கெட்டுடும்டா." இது அமிர்தவல்லி.

"எப்படித் தெரியும்? நாளைக்குக் காலையில அவலூர்பேட்டை சந்தைக்குக் கெளம்புவாரு இல்ல? அப்ப வச்சுக்கலாம்."

"சரிதான். எத்தினி நாளா இதை மனசுல வச்சுக்கினு வெந்துகினு இருக்கறேன்! நீ பஸ்ஸைப் பாரு. புளிச்சோத்துல ஆவ வேண்டியதை நான் பாத்துக்கறேன்."

பாண்டி கால் கழுவாமலே வாசலுக்குத் திரும்பினான். அப்படியானால் குஞ்சம்மாள் விஷயம் தெரிந்துபோய்விட்டது! எண்ணெய் மில்லுக்குப் போகிறேன் என்று மாசாமாசம் வெளியூர் போய், அங்கே ஒருத்தியோடு குடித்தனம் நடத்துவதை எவனோ வந்து ஊதிவிட்டான்.

விளக்கு வைத்ததும் அமிர்தவல்லி புளிச்சோறு ஓர் உருண்டை கொண்டுவந்து நீட்டினாள். சிரித்தாள் வேறு.

"ஒரு வாய் பாருங்க. நாளைக்கு வரைக்கும் தாங்குமா?"

"யா... யாரு?"

"சோறுங்க!"

வயிற்றுவலி என்று இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்தவன், கோழி கூவுமுன் எழுந்தான். "சந்தைக்கு" என்று முனகிவிட்டு நடையைக் கட்டினான். அவலூர்பேட்டை பஸ்ஸை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கிழக்கே போகிற பஸ்ஸில் தாவி ஏறினான். ராஜகிரிக் கோட்டை கண்ணுக்கு மறைந்த பிறகுதான் போன உயிர் திரும்பி வந்தது.

குஞ்சம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

"ஐயய்யோ! கட்டின பொண்டாட்டியா இப்படி?" அப்புறம் அவளே தேற்றினாள். "இன்னாத்துக்கு நடுங்கறே? இங்க உன்னை யாரு தேடி வரப் போறாங்க? வா, காத்தாட நடந்துட்டு வரலாம். பயம் தெளியும்."

தெளியத்தான் செய்தது, பாவம். கடற்கரையில் குஞ்சம்மாளுக்கு மல்லிகைச் சரம் வாங்கி, தன் கையாலேயே அவள் தலையில் வைத்துக்கொண்டிருந்தான். அப்போது முதுகுக்குப் பின்னால் அந்தக் குரல்.

"நல்லா பாத்துக்கக்கா, இதான் கடலு! இட்டுக்கினு போங்க, இட்டுக்கினு போங்கன்னு எத்தினி வாட்டி கேட்டே? 'உப்புத் தண்ணியில இன்னா இருக்குது'ன்னு தட்டிக் கழிச்சாரே மாமா! இன்னும் லைட் ஹவுஸ், மணக்குள விநாயகர் கோயில், அவ்ளோதான். நான்தான் சொன்னனே, பாண்டியை ஒரே பகல்ல..."

செல்லப்பன் மாமாவைப் பார்த்துவிட்டான்.

அமிர்தவல்லி கையில் புளிச்சோற்றுத் தூக்கு. அவள் பார்வை முதலில் பூவின் மேல் போனது. அப்புறம் பூ வைத்த கை. அப்புறம், பேயறைந்த மாதிரி மெல்லத் திரும்பிய அந்த முகம்.

தூக்கைத் தம்பியிடம் கொடுத்தாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். தாலி ஏறிய நாளிலிருந்து முதல் தடவையாகப் புருஷன் பேரைத் தன் வாயால் சொன்னாள்.

"கோயிலை அப்புறம் பாத்துக்கலாம்டா செல்லப்பா. முதல்ல பாண்டியை முடிச்சுடலாம்."