ஆறாவது வீடு

"இண்டைக்கும் நாங்க ரெண்டு பேர்தானா தம்பி?" என்று கேட்டுக்கொண்டே டொறத்தி கொட்டிலுக்குள் வந்தாள்.

பதாகையின் முனையைக் கம்பில் கட்டிக்கொண்டிருந்த தவச்செல்வன், "ஓம் அக்கா" என்றான்.

கற்பிட்டிப் பக்கத்தில் கடலை ஒட்டிய சின்ன ஊர் அது. யுத்தம் முடிந்த மூன்றாம் வருடம் அங்கே ஒரு ஹோட்டல் வந்தது. மாதா கோயிலடியிலிருந்து கரைவலை இழுக்கும் இடத்துக்குப் போகும் பாதையை முட்கம்பி அடித்து மறித்தது. மீன் சுமக்கும் பெண்கள் மூன்று மைல் சுற்றி நடக்க வேண்டி வந்தது. கருவாடு விற்றுப் பிழைத்த டொறத்திதான் முதலில் தனியாகப் போய் வேலிக்கு முன்னால் உட்கார்ந்தாள். அடுத்த புதன்கிழமை நூற்றறுபது பேர் வந்தார்கள். மாதா கோயில் வேதக்காரரும் முஸ்லிம்களும் சேர்ந்து கிடுகு வேய்ந்து இந்தக் கொட்டிலைப் போட்டார்கள். பாதை திறக்கும்வரை புதன்தோறும் இங்கே இருப்பது என்று பேச்சு.

அது நடந்து நாலு வருடமாகிறது. வேலி அப்படியே நிற்கிறது.

தவச்செல்வன் வந்து சேர்ந்தது மூன்றாம் மாதம். நாற்பது வயதிருக்கும். கிளிநொச்சியில் தன் காணியும் இப்படித்தான் பறிபோனது என்றும், இப்போது டவுனில் ஒரு கடையில் வேலை செய்வதாகவும், புதன் தனக்கு லீவு என்றும் சொன்னான். சிங்களம் நன்றாக எழுதுவான். பிரதேச செயலகத்துக்கும் கொழும்புக்கும் போன மகஜர்கள் எல்லாம் அவன் கைப்பட எழுதியவை. மழையோ காய்ச்சலோ, ஒரு புதன் அவன் தவறியதில்லை. தனக்கு ஒரு தம்பி இருந்திருந்தால்கூட இப்படி இருந்திருக்க மாட்டான் என்று டொறத்தி பலரிடம் சொல்லியிருக்கிறாள்.

மற்றவர்கள் மெல்ல மெல்லக் குறைந்தார்கள். சிலர் அலுத்துப்போனார்கள். சிலரின் பிள்ளைகளுக்கு ஹோட்டலிலேயே வேலை கிடைத்தது. ஆனால் கூட்டத்தை உண்மையில் கலைத்தது எமிலியாவின் விஷயம்தான்.

ஹோட்டலின் இரண்டாவது கட்டடத்தைத் திறக்க ஒரு மந்திரி வருவதாக இருந்தது. அவர் வரும் ரோட்டில் போய்க் குந்துவதென்று ஆறு பேர் யாருக்கும் தெரியாமல் பேசி முடிவெடுத்தார்கள். டொறத்தி, எமிலியா, இசபெல், றம்ஸியா, இஸ்ஹாக், தவச்செல்வன். அன்று விடியுமுன்பே ஐந்து வாசல்களில் பொலிஸ் நின்றது. இஸ்ஹாக் பதினான்கு நாள் மறியலில் அடைபட்டுக் கிடந்தார். தவச்செல்வன் உதடு வீங்கிப்போய் வெளியே வந்தான். எமிலியாவின் கதவை மட்டும் யாரும் தட்டவில்லை.

அதற்கு முந்தின மாதம்தான் எமிலியாவின் மகன் ஹோட்டல் குசினியில் சமையல் வேலைக்குச் சேர்ந்திருந்தான்.

டொறத்தியும் எமிலியாவும் சின்ன வயதில் மாதா கோயிலில் ஒரே நாளில் முதல்நன்மை எடுத்தவர்கள். எமிலியா மாதாவின் பேரில் சத்தியம் செய்து அழுதாள். டொறத்தி கேட்கவில்லை.

"உன்ர பிள்ளைக்காக எங்களை வித்துப்போட்டாய். இனி இதுக்குள்ள கால் வைக்காத."

எல்லோருக்கும் முன்னால்தான் சொன்னாள். எமிலியா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு சுடுமணலில் நடந்து போனாள்.

அதற்குப் பிறகு யாரும் யாரையும் நம்பவில்லை. இசபெல் வருவதை நிறுத்தினாள். றம்ஸியாவை அவள் புருஷன் வெளியே விடவில்லை. இஸ்ஹாக் இந்த ரோட்டால் போவதையே விட்டார். ஊரில் எமிலியாவிடம் யாரும் மீன் வாங்கவில்லை. போன மாசியில் நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், பிணமாகத்தான் வந்தாள். டொறத்தி அடக்கத்துக்குப் போகவில்லை. கோயில் மணி அடித்தபோது அவள் முற்றத்தில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தாள். கொட்டிலிலிருந்து போனது தவச்செல்வன் மட்டும்தான். அதற்கும் அவள் அவனை ஏசினாள்.

வெயில் ஏறியது. ஹோட்டல் வான் ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. உள்ளேயிருந்த வெள்ளைக்காரி இவர்களைப் பார்த்துக் கையசைத்து ஒரு படம் எடுத்தாள். டொறத்தி பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணீரை ஊற்றி நீட்டினாள். அவன் வாங்கினான், குடிக்கவில்லை.

"அக்கா, அடுத்த புதன் நான் வரமாட்டன்."

டொறத்தியின் முகம் கறுத்தது. "உன்னையும் ஹோட்டல்காரன் வாங்கிட்டானா?"

"இல்ல அக்கா."

"பிறகென்ன?"

"இடமாற்றம் வந்திருக்கு. திருகோணமலைக்கு."

"கடை வேலைக்கு ஆர் தம்பி இடமாற்றம் குடுக்கிறது?" என்று கேட்டு டொறத்தி சிரிக்கப் பார்த்தாள்.

அவன் சிரிக்கவில்லை. கோப்பையை வாங்குப் பலகையில் வைத்துவிட்டு எழுந்தான். நாலு வருடமாகத் தோளைக் குறுக்கி நடந்தவன் இப்போது நேராக நின்றான். உங்களுக்குச் சொல்லாமல் போக மனம் கேட்கவில்லை என்றான். பிறகு அவள் முகத்தைப் பார்க்காமல், வேலிப் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"இந்தக் கொட்டிலால இனி ஒரு பிரச்சினையும் வராதெண்டு நான் மேல அறிக்கை குடுத்திட்டன். இனி இங்க ஆள் தேவையில்லையாம். எமிலியா அக்காவில ஒரு பிழையும் இல்ல. அண்டைக்கு அஞ்சு பேரை எழுதிக் குடுத்தனான், என்ர பேரையும் சேர்த்து. அவவின்ர பேரை மட்டும் வேணுமெண்டுதான் விட்டனான்."