பதினோராம் நாள் கேள்வி

ஏழாம் வகுப்பு நிறைமதியின் முழங்கையில் இருந்த சிராய்ப்பு, கோ-கோ ஆடும்போது விழுந்ததில் வந்தது. மைதானத்தில் நின்ற நான்தான் தூக்கிவிட்டு மருந்தும் போட்டேன். ஆனால் வகுப்பறைச் சுவரில் இருக்கும் பாதுகாப்புக் கண் என்னும் கேமரா அதைப் பார்த்ததும், வீட்டில் யாரோ அடித்த காயம் என்று தானாகவே ஒரு பதிவைத் திறந்துவிட்டது. பதிவு முடிகிறவரை பிள்ளையை வீட்டுக்கு அனுப்பக் கூடாது. பள்ளி விடுதியில் அவளுக்கு இன்று பதினோராவது நாள்.

தினமும் காலை வழிபாடு முடிந்ததும் அந்தக் கண்ணுக்கு முன்னால் அவளை உட்காரவைத்து நான் கேட்க வேண்டும். "வீட்டில் யாராவது அடிச்சாங்களா?"

"இல்ல மிஸ்" என்பாள். பயத்தில் மறைக்கிறாள் என்று பதிவாகும். ஒருநாள் பேசாமலே இருந்தாள். பயம் கூடிவிட்டது என்று பதிவானது. நான் பார்த்ததைச் சொன்னேன். குடும்பத்துக்கு வேண்டியவள் என்று என் பெயரிலும் ஒரு பதிவு திறந்தது.

இன்று நான் கேட்பதற்கு முன்பே அவள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பாதான் அடிச்சாருன்னு சொல்லிட்டா என்னை வீட்டுக்கு விட்டுடுவாங்களா மிஸ்?"

அவள் வாயைப் பொத்த நான் கையை நீட்டுவதற்குள், அப்பா அடித்தது உறுதி, பதிவு முடிந்தது என்று சுவரில் பச்சை விளக்கு எரிந்தது.

நிறைமதி அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, பையை எடுக்க விடுதிக்கு ஓடினாள்.