நாலாவது கம்ப்யூட்டர்

அண்ணன் மாரிக்கண்ணனின் அருப்புக்கோட்டை விசைத்தறிக் கூடத்தை ஒட்டிய அறையில், சத்யபிரியா மூன்று பழைய கம்ப்யூட்டர்களில் லினக்ஸ் போட்டு இணைத்திருந்தாள். மடிக்கணினியிலிருந்து அவள் பிரித்துக் கொடுக்கும் கணக்கை அவை பங்கிட்டுச் செய்யும். திருச்சுழிப் பக்கத்து மானாவாரிக் காடுகளுக்கான மழைக் கணிப்பு அது. மாலைக்குள் முடிவை அனுப்பாவிட்டால் அவளுடைய ஆராய்ச்சிப் பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போகும். கணக்கோ நகரவே மாட்டேனென்றது.

ஒவ்வொன்றாகச் சோதித்தாள். ஒன்று மட்டும் கொதித்தது. சூடு தாங்காமல் அது வேகத்தைக் குறைத்துக்கொள்ள, மற்ற இரண்டும் அதற்காகக் காத்துக் கிடந்தன. அதை அணைத்து மூடியைக் கழற்றினாள். உள்ளே விசிறி முழுக்கப் பஞ்சு. பிரஷ்ஷால் வழித்தெடுத்துவிட்டு மறுபடி ஓடவிட்டதும் கணக்கு பறந்தது.

"சாதிச்சிட்டியே தாயி" என்றான் மடிக்கணினித் திரையை எட்டிப்பார்த்த மாரிக்கண்ணன். "ஆமா, நாலு ஓடுதுன்னுல்ல காட்டுது?"

மடிக்கணினி அந்தக் கணக்கில் சேராது; கேபிள்கள் மூன்றுதான். வைஃபையும் கிடையாது. நாலாவது அனுப்பிய விடைகளைச் சரிபார்த்தாள். ஒன்றுகூடப் பிசகவில்லை.

வெயில் தாழுமுன் முடிவை அனுப்பினாள். பேராசிரியை போனில் கூப்பிட்டு, பட்டம் உறுதி என்றார். மாரிக்கண்ணன் தறிகளை நிறுத்திவிட்டு எல்லாருக்கும் காரச்சேவு வாங்கிவந்தான்.

சத்யபிரியா மூன்று கம்ப்யூட்டர்களின் பிளக்கையும் பிடுங்கினாள். மடிக்கணினியில் மூன்று பெயர்கள் மறைந்தன. நாலாவது அடுத்த வேலை கேட்டு நின்றது.

"நல்லாத்தானண்ணே செய்யுது" என்றாள்.

"அப்பக் குடு."

அடுத்த வருட மழையைக் கொடுத்தாள். சுவருக்குள் எங்கோ ஒரு விசிறி வேகமெடுத்தது.