கையுறைக்குள்

வெர்னிஸும் ஓபலும் வெள்ளைச் சீருடையில் சவப்பெட்டியின் இரு பக்கமும் நின்றார்கள்.

துக்கப்படும் சபையார் உட்கார்ந்து அழ வேண்டும். அதனால் அடக்க ஆராதனைக்கு வேறொரு சபைப் பெண்கள் வந்து பணிவிடை செய்வது அமெரிக்காவின் சவானா நகரில் வழக்கம். விசிறி கொடுப்பார்கள். மயங்கி விழுபவரைத் தாங்குவார்கள். பெட்டியை மூடுவதற்குமுன் இறந்தவரின் முகத்தைத் துணியால் மறைப்பார்கள்.

எந்தச் சபை என்று இன்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வெர்னிஸ் பொய் சொல்லியிருக்க மாட்டாள். மூடிப்போன சலவைக்கடை ஒன்றில் ஞாயிறுதோறும் கூடும் சபை அது. பாடுகிறவர்களும் பிரசங்கிக்கிறவளும் அவர்களைப் போலவே கறுப்பினத் திருநங்கைகள்.

பெட்டிக்குள் கிடந்தவளும் அந்தச் சபைதான். அங்கே அவள் பெயர் ஜெனீவா.

இங்கே, பெற்றோரின் சபையில், ஆராதனைத் தாளில் லட்ரெல் ப்ளெட்சோ என்று பிறப்பில் வைத்த ஆண்பெயரை அச்சிட்டிருந்தார்கள். சாம்பல் நிறக் கோட்டு. நீல டை. முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். கைகளில் வெள்ளைப் பருத்திக் கையுறை.

வெர்னிஸின் சீருடைப் பையில் ஒரு நகப்பூச்சுக் குப்பி இருந்தது. ஜெனீவாவின் சிவப்பு.

வசந்தத்தில் ஒரு புதன்கிழமை, வேதபாடம் முடிந்து சோள ரொட்டி தீரும்வரை பேசிக்கொண்டிருந்தபோது, ஜெனீவா கையை நீட்டினாள். வெர்னிஸ் பூசிவிட்டாள்.

"நான் போயிட்டா எங்கப்பா கோட்டு மாட்டித்தான் அனுப்புவாரு. அதை உன்னால ஒண்ணும் பண்ண முடியாதுக்கா. நகத்தை மட்டும் மொட்டையா விட்டுடாத."

"என்னைப் புதைச்சிட்டுதான்டி நீ போவ. வாயை மூடு, கையை ஆட்டாத."

ஜூலையில் ஜெனீவா முந்திக்கொண்டாள்.

பாடகர் குழு ஒரு பாட்டைப் பாடி முடிக்கும்வரைதான் நேரம் கிடைக்கும். ஒரு நகம் போதும் என்று வெர்னிஸ் முடிவு செய்திருந்தாள். கோட்டு விஷயத்தைக் கர்த்தர் பார்த்துக்கொள்வார்.

கையுறை அவள் எதிர்பாராதது.

காலையில் வாசலில் வைத்து ஜெனீவாவின் அப்பா, இந்தச் சபையின் டீக்கன் ப்ளெட்சோ, அதைப் பெருமையாகச் சொன்னார். "சின்னப் பையனா இருக்கும்போது இதே வாசல்ல கையுறை போட்டுக்கிட்டு எல்லாரையும் உட்கார வைப்பான். அப்படியே போகட்டும்னு அவங்கம்மாதான் சொன்னா."

அவர் மனைவி எர்னஸ்டீன் வெர்னிஸின் முகத்தைப் பார்க்கவில்லை. வெர்னிஸின் பெரிய கைகளைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "முகத்தை மூடுங்க. பெட்டித் துணியை உள்ள மடிச்சு விடுங்க. கையுறையை மட்டும் தொட்டுடாதீங்க."

கோட்டு மாட்டியதைவிட அதுதான் வெர்னிஸை உறுத்தியது. பெற்றவள் விரல் நுனிவரை மூடி அனுப்புகிறாள்.

பாட்டு தொடங்கியது.

ஓபலும் சவ அடக்க நிலையத்து ஆளும் சபையைப் பார்த்தபடி பெட்டிக்கு முன்னால் வெள்ளைத் துணியைத் திரையாகப் பிடித்தார்கள். பின்னால் வெர்னிஸ் தனியாக இருந்தாள். ஜெனீவாவும்.

இடது கையுறையின் விளிம்பைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை.

மறுபடி இழுத்தாள். விரல்களில் எங்கோ ஒட்டிக்கொண்டிருந்தது. திரைக்கு அப்பால் யாரோ விம்மினார்கள். ஓபல் தொண்டையைச் செருமினாள். சீக்கிரம் என்று பொருள்.

ஒவ்வொரு விரலாக உரித்தாள்.

கட்டைவிரல் நகம் சிவப்பாக இருந்தது.

அடுத்ததும். அதற்கடுத்ததும்.

ஜெனீவாவின் சிவப்பு. பழக்கமில்லாத கை பூசியது. ஓரம் தாண்டித் தோலெல்லாம் வழிந்திருந்தது. காயும்முன் கையுறையை மாட்டியிருக்கிறார்கள். ஈரத்தில் பருத்தி இழைகள் பதிந்துபோயிருந்தன. யாரோ வருவதற்குள் முடிக்க வேண்டியிருந்த கை.

வலது கையுறையையும் சுருட்டிப் பார்த்தாள். ஐந்தும் சிவப்பு.

இடது சுண்டுவிரல் மட்டும் வெறுமையாக இருந்தது.

வெர்னிஸ் குப்பியைத் திறந்தாள். மூன்று இழுப்பு. குனிந்து ஊதினாள். பாட்டு கடைசி அடிக்கு வந்துவிட்டது. ஜெனீவாவுக்குப் பிடித்த அடி அது. எப்போதும் சுருதி தப்பித்தான் பாடுவாள்.

கையுறையை மாட்டினாள். முகத்தின்மேல் துணியை விரித்தாள். ஓபலின் முதுகைத் தொட்டாள்.

திரை இறங்கியது. மூடி விழுந்தது.

முதல் வரிசையில் எர்னஸ்டீன் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். வெர்னிஸ் அவளிடம் போய் ஒரு விசிறியை நீட்டினாள். அதை வாங்கிய கையின் கட்டைவிரல் ஓரத்தில், எவ்வளவு தேய்த்தும் போகாத சிவப்பு.

"எல்லாம் சரியா இருக்கா?" எர்னஸ்டீன் கேட்டாள்.

"பத்தும் சரியா இருக்கும்மா."

டீக்கன் கைக்குட்டையிலிருந்து முகத்தை எடுத்தார். "என்ன பத்து?"

"பாட்டைக் கேளுங்க" என்றாள் எர்னஸ்டீன்.

பாட்டு முடிந்திருந்தது.